கருத்த கழுத்து

படம் பிடிக்கச் சென்ற இடத்தில் பாடம் கற்றுத் திரும்பினோம் என்றால் வாசக அன்பர்கள் நகைக்கக்கூடும். ஆயினும் நடந்தது அதுவே.

தென் அமெரிக்காவின் எக்குவடோர் நாட்டில் பணியாற்றும் நம் குருமடத் தோழர் நம்மைத் தம்மிடம் அழைத்திருந்தார். பறவைகளைப் படமெடுப்பதில் நமக்குள்ள ஆர்வம் அறிந்து, அறுவர் மட்டுமே கொண்ட பயணக் குழுவொன்றில் நம்மையும் சேர்த்துவிட்டார். தலைநகர் கீட்டோவிலிருந்து மலைப்பாதையில் இறங்கி, ஆண்டிஸ் மலையின் மேற்குச் சரிவிலுள்ள தண்டயாப்பா பள்ளத்தாக்கை அடைந்தோம். ஏறத்தாழ 1,700 மீட்டர் உயரத்தில் மேகம் தவழும் காடு அது.

ரீங்காரச் சிட்டு எனப்படும் ஹம்மிங் பறவை அமெரிக்கக் கண்டங்களுக்கே உரியது. நம் ஊர்த் தேன்சிட்டு வேறு குடும்பத்தைச் சார்ந்தது. மொத்தம் 350க்கும் மேற்பட்ட இனங்களுள் 130க்கு மேல் எக்குவடோரில் உண்டு. மலரின்முன் அந்தரத்தில் நின்று தேனருந்தும், பின்னோக்கியும் பறக்கும். சிறிய இனங்கள் நொடிக்கு 50 முறைக்கு மேல் சிறகடிப்பதால், சாதாரணமாய் எடுத்தால் சிறகு புகைபோலவே பதியும். ஆகவே ஒரு மலரைச் சுற்றி ஐந்தாறு பிளாஷ் விளக்குகளை நிறுத்துவர். நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கே மின்னும் அவ்வொளியில் சிறகு அசைவற்று நிற்பதாய்ப் பதியும். அமெரிக்கத் தொழிலதிபர் கிராஃபோர்ட் கிரீன்வால்ட் 1960இல் வெளியிட்ட புகழ்பெற்ற நூலின் படங்களும் இத்தகைய மின்னொளியில் எடுக்கப்பட்டவையே.

அம்மலருக்குள் சர்க்கரை நீர் இடுவர். ஒரு பங்கு சர்க்கரைக்கு நான்கு பங்கு நீர். சிட்டுகள் வேறெங்கும் செல்லாதிருக்க, விடுதியில் தொங்கும் மற்றச் சர்க்கரைநீர்க் குடுவைகளையெல்லாம் அகற்றிவிடுவர். நம் சோதனை இங்கேதான் தொடங்கிற்று.

நாம் நாடியது ஊதாக் கழுத்துச் சிட்டு. அந்த ஊதா, சாயமன்று. இறகின் நுண்ணமைப்பு ஒளியைத் திருப்புவதால் தோன்றுவது. பக்கவாட்டில் நோக்கினால் கருமை; நம்மை நோக்கித் திரும்பினால் சுடர். இரண்டு நாட்களாக அது நம் பக்கம் திரும்பவேயில்லை.

மூன்றாம் நாள், இரவெல்லாம் பெய்த மழைக்குப்பின் குளிர்ந்த காலை. ஆளுக்கு இருபது நிமிடம். நம் முறை கடைசி. அது வந்ததும் வழிகாட்டி குடுவைகளை மீண்டும் மாட்டத் தொடங்கினார்.

"நமக்குரிய நேரம் என்னாயிற்று? பணம் கட்டியிருக்கிறோமே!" என்று வெடுக்கெனக் கேட்டுவிட்டோம்.

அவர் சினக்கவில்லை. "பாத்ரே, குளிரில் உடற்சூட்டைக் குறைத்து மரத்துப்போய் உறங்கி எழுந்த உயிர்கள் இவை. மழையில் பூத்தேனும் கரைந்துபோயிருக்கும். அதோ பாருங்கள்" என்றார்.

பார்த்தோம். பெரிய சிட்டுகள் அந்த ஒற்றை மலரை முற்றுகையிட்டிருந்தன. நாம் நாடிய சிறு சிட்டு மும்முறை நெருங்கி, மும்முறையும் துரத்தப்பட்டு, நனைந்த கொம்பில் ஒடுங்கி அமர்ந்தது. நமக்கு நா எழவில்லை. பொறுமையைப்பற்றி எத்தனை ஆண்டுகள் பிறருக்கு எடுத்துரைத்திருக்கிறோம்!

எழுந்து சென்று ஒரு குடுவையை நாமே மாட்டினோம். சற்று நேரத்தில் பூசல் தணிந்தது. சிறு சிட்டு கடைக்கோடிக் குடுவைக்கு வந்து நெடுநேரம் பருகிற்று. நம் காமிராவோ முக்காலிமீது வாளா நின்றது.

பிற்பகலில் கையில் பிடித்தே எடுத்த படமொன்று இப்போது நம் அறைச் சுவரில் தொங்குகிறது. அதில் சிறகு புகையாகவும் கழுத்து கருப்பாகவும் இருக்கின்றன. ஊதாக் கழுத்துச் சிட்டு என்று சொன்னால் பார்ப்பவர் நம்புவதில்லை. பசித்திருந்த ஓர் உயிரை நோக்கி அன்று நாம் கேட்ட கேள்வி மட்டும், அதைப் பார்க்குந்தோறும் நம் காதில் ஒலிக்கிறது.