நாதாங்கி

பூட்டு விஷயத்தில் எங்கள் வீதியாருக்கு எப்போதுமே சிறிது கர்வம் உண்டு. மதுரைக்குப் பக்கத்திலேயே திண்டுக்கல் இருக்கும்போது வேறு ஊர்ப் பூட்டை யார் வாங்குவார்கள்? கைவேலையாகச் செய்யப்பட்டு, 2019-ல் புவிசார் குறியீடும் பெற்றுவிட்ட அந்த மாங்காய்ப் பூட்டுத்தான் எதிர் வீட்டு வாசற்கதவிலும் தொங்கிற்று. திருடன் வந்து போன மறுநாள் காலையிலும் அது பூட்டியபடியே தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு கீறல்கூட இல்லை! நாதாங்கியை மாட்டும் கொண்டியைத்தான் நிலையிலிருந்து நெம்பிப் பெயர்த்திருந்தான். அவ்வளவு கனமான பூட்டு இரண்டு சின்னத் திருகாணிகளை நம்பித் தொங்கியது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. உள்ளே மரையாணி போட்டு முடுக்கியிருந்தால் இவ்வளவு சுலபமாகக் கையோடு வந்திராது என்றார் தச்சர்.

வீட்டார் கல்யாணத்திற்காகக் கும்பகோணம் போயிருந்தார்கள். போகுமுன் காவல் நிலையத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ரோந்து வருபவர்கள் அந்தப் பக்கமும் பார்த்திருப்பார்கள். சொல்லவில்லை. பத்திரிகையையும் நிறுத்தவில்லை, நான்கு நாள் தாள்கள் படியிலேயே கிடந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, வாசலில் கோலம் இல்லை. நம் ஊரில் வீடு பூட்டிக் கிடப்பதை இதைவிடத் தெளிவாக விளம்பரம் செய்ய முடியாது.

அன்று மாலையே வீதிச் சங்கம் கூடிற்று. நான்கு காமிராக்கள் வைப்பதென்று ஏகமனதாக முடிவாயிற்று. வெளியார் எவரும் வீதிக்குள் கூவி விற்கக் கூடாதென்பது இரண்டாவது தீர்மானம்.

“அந்தக் கீரைக்காரக் கிழவி தினமும் ஒவ்வொரு வாசலிலும் நின்று நோட்டம் பார்க்கிறாளே, அவள் எந்தப் பக்கத்துக்காரி என்று தெரியுமல்லவா?” என்றார் ஒரு நண்பர்.

உசிலம்பட்டிப் பக்கம் என்பது எல்லோருக்கும் தெரியும். அவர் சொல்லாமல் விட்டதும் எல்லோருக்கும் விளங்கிற்று.

நான் சரித்திர ஆசிரியன். 1871-ல் வடக்கே பிறந்து, 1911-ல் சென்னை மாகாணத்திற்கும் வந்து சேர்ந்த குற்றப் பரம்பரைச் சட்டத்தைப் பற்றி வருஷந்தோறும் வகுப்பில் உருக்கமாகப் பேசுகிறவன். கைரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள் மீது 1920 ஏப்ரல் 3-ம் தேதி துப்பாக்கிப் பிரயோகம் நடந்ததையும், 1947-ல் நமது மாகாணத்தில் அச்சட்டம் ஒழிந்ததையும் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்வார்கள். ஆனால் அன்று அவர்களுடைய ஆசிரியர் வாயைத் திறக்கவில்லை. தீர்மானத்திற்குக் கையையும் உயர்த்தினார்.

வாயைத் திறவாததற்கு வேறொரு காரணமும் இருந்தது. திருட்டுக்கு முந்திய நாள் நான் திண்ணையில் உட்கார்ந்து பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தபோது அந்தப் பாட்டி வந்து நின்றாள்.

“வாத்தியாரய்யா, எதுத்த வீட்டம்மா மூணு நாளாக் கோலம் போடலையே? மேலுக்குச் சுகமில்லையா?” என்று கேட்டாள்.

நான் தலை நிமிராமலே, “கும்பகோணம் போயிருக்கிறார்கள், பாட்டி. ஞாயிற்றுக்கிழமைதான் வருவார்கள்!” என்றேன். அவளுக்குக் காது சற்று மந்தம். ஆகையால் வகுப்பில் பேசும் குரலில் சொன்னேன். அப்போது வீதியில் யார் யார் போய்க்கொண்டிருந்தார்களோ, நான் பார்க்கவில்லை.

திருடன் இன்னும் அகப்படவில்லை. கீரைப் பாட்டி இப்போது கடைத்தெரு முனையில் சாக்கை விரித்து உட்காருகிறாள். போன வாரம் அரைக்கீரை வாங்கப் போனேன். நான் பேச்சைத் தொடங்குமுன் அவளே, “எதுத்த வீட்டம்மா வந்துட்டாகளா? கோலம் போடுறாகளா?” என்றாள்.

இம்மாதக் கடைசியில் சங்கம் மறுபடி கூடுகிறது. இரண்டாவது தீர்மானத்தை ரத்துச் செய்ய வேண்டுமென்றும், கும்பகோணம் சமாசாரத்தை வீதியறியச் சொன்னவன் நானே என்றும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதை ஆதரித்துக் கையெழுத்திட இதுவரை ஒருவர்தான் முன்வந்திருக்கிறார்: நகையைப் பறிகொடுத்த எதிர் வீட்டு அம்மாள்.