தொரட்டியும் துரட்டியும்

புனேவுக்கு வந்து 14 வருஷம் ஆச்சு. மராத்தி எனக்குத் தண்ணி பட்ட பாடுன்னு தங்கமணிகிட்ட அளந்துவிடறது வழக்கம். அந்த மானம் தண்ணியிலேயே போன கதை இது.

2025 மே கடைசியில் இங்கே பருவமழை வழக்கத்தைவிடச் சீக்கிரமே வந்து கொட்டுச்சு. ஒரே ராத்திரியில் எங்க சொசைட்டி தோட்டத்து மண்மேடு சரிஞ்சு நீச்சல் குளத்துக்குள்ள இறங்கிடுச்சு. காலையில் பார்த்தா குளம் நிறைய டீ, பால் கொஞ்சம் தூக்கலா. மேலே இலை, பாலிதீன் கவர், யாரோடதோ ஒத்தைச் செருப்பு. அந்த வருஷம் நான் கமிட்டியில் இருந்தேன் (மீட்டிங்குக்குப் போகாததுக்குத் தண்டனை). ஞாயித்துக்கிழமை குளத்துல ஒரு பிறந்தநாள் பார்ட்டி வேற.

"மொத்தத்தையும் இறைச்சுட்டு டேங்கர் விடலாம்"னாங்க. 12க்கு 6 மீட்டர், சராசரி ஆழம் 1.2. கிட்டத்தட்ட 86,000 லிட்டர். பத்தாயிரம் லிட்டர் லாரி ஒன்பது! அதோட மழைக்காலத்தில் நிலத்தடி நீர் ஏறியிருக்கும்போது குளத்தைக் காலி பண்ணினா, கீழேருந்து தண்ணி முட்டித் தரையே விரிசல் விடலாம். வேண்டாம்னுட்டேன்.

அதுக்கப்புறம் நான் செஞ்சதும் தப்புதான். இலையை வலையால அள்ளிட்டு, குளோரினைக் கொட்டி, நாள் முழுக்க ஃபில்டரை ஓட்டினேன். நைஸான களிமண்ணில் பாதி மணல் ஃபில்டருக்குள்ள புகுந்து திரும்பக் குளத்துக்கே வந்துடுச்சு, மீதி அடைச்சுக்கிச்சு. பிரஷர் முள் ஏறும், பேக்வாஷ் பண்ணுவேன், மறுபடி ஏறும். குளோரினைச் சேறும் சருகும் தின்னுடுச்சு.

குளம் பார்த்துக்கற காக்கா (மராத்தியில் சித்தப்பாங்க, பறவை இல்லை) வந்து பார்த்துட்டு, "துரட்டி ஆணா, ஸாஹேப்"னார். தொரட்டி கொண்டு வாங்கன்னா, அந்தச் செருப்பை எடுக்கத்தானே? மாப் கம்பு நுனியில் ஹேங்கரைக் கட்டி, முருங்கைக்காய் பறிக்கிற மாதிரி பெருமையா நீட்டினேன். மனுஷன் குளத்தங்கரையிலேயே உக்காந்து சிரிச்சார்.

மராத்தியில் துரட்டின்னா படிகாரமாம். ஊர்லேருந்து வந்திருந்த அம்மாதான், "வெள்ளத் தண்ணிக்குப் பானையில தேத்தாங்கொட்டை உரசுவோம்ல, அந்த வேலைதாம்ப்பா"ன்னு முடிச்சாங்க.

மண் துகள் ஒண்ணையொண்ணு தள்ளிக்கிட்டு மிதக்கும். படிகாரம் போட்டா ஒண்ணோட ஒண்ணு ஒட்டி, கனத்து, இறங்கும். 4 கிலோவை வாளியில் கரைச்சுச் சுத்தி ஊத்தி, மணலுக்குள்ள போகாம ரெண்டு மணி நேரம் சுத்தவிட்டு, வெள்ளிக்கிழமை ராத்திரி மோட்டாரை நிறுத்தினோம். காலையில் அடியில் பஞ்சு மெத்தை மாதிரி சேறு. அதை ஃபில்டர் பக்கமே விடாம, நேரா வெளியே போற குழாயில் வேக்குவம் வெச்சு உறிஞ்சணும். மெதுவா. நான் அவசரப்பட்டேன். பாதி கலங்கி மேலே வந்துடுச்சு.

ஞாயித்துக்கிழமை தண்ணி பார்க்க நல்லாத்தான் இருந்தது. ஆனா ஆழமான பக்கம், அடியில் இருக்கிற வடிகால் மூடி தெரியலை. பார்ட்டிக்காரர், "இடுப்பளவு தண்ணிதானே சார்"னார். நான் பூட்டைத் திறக்கலை.

அம்மாவோட தம்பி, எனக்கு மாமா, ஒன்பது வயசுல எங்க ஊர்க் கம்மாயில் போனவர். மழைக்கு அடுத்த நாள். கரையில ஆள் இல்லாம இல்லை, ஏழெட்டுப் பேர் இறங்கிக் கையால துழாவியிருக்காங்க. கலங்கின தண்ணியில ரெண்டடி தள்ளிக் கிடந்த பிள்ளை தெரியலை. இதைப் பார்ட்டிக்காரர்கிட்ட எந்த மொழியில சொல்றது? "ரூல் சார்"னு மட்டும் சொன்னேன். கேக்கை கிளப் ஹவுஸில் வெட்டினாங்க. என் பொண்ணு உட்பட யாரும் என்னோட பேசலை.

மறுபடி ஒரு ராத்திரி படியவிட்டு, காக்காவே பொறுமையா உறிஞ்சினார். குறைஞ்ச தண்ணியை ஏத்தினோம். படிகாரத்தால புளிச்ச தண்ணிக்கு சோடா ஆஷ் போட்டு, பி.எச். 7.4 வந்தப்புறம் குளோரின்.

செவ்வாய்க்கிழமை அம்மாவைக் கூட்டிட்டுப் போனேன். கரையில நின்னு, வடிகால் மூடியில் இருந்த ஆறு திருகாணியையும் விரல் விட்டு எண்ணினாங்க.

"ம், இப்ப இறங்கட்டும்"னாங்க.