முங்குநீச்சல் பழகும் மாப்பிள்ளைக்கு

தூத்துக்குடி,
ஞாயிறு இரவு.

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

அம்மாவுக்கு மூட்டுவலி இப்போது தேவலை. நீங்கள் வாங்கி அனுப்பிய தைலத்தைத்தான் தேய்க்கிறாள்.

தங்கச்சி நேற்று போனில் ஒன்று சொன்னாள். அதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. விடியற்காலையில், யாரும் வருவதற்கு முன்னால், நீச்சல்குளத்தில் தனியாக முங்குநீச்சல் பழகுகிறீர்களாமே? ஒரே மூச்சில் 25 மீட்டர் போய்விட வேண்டும் என்று வைராக்கியமாம். ஸ்ரீவைகுண்டம் படித்துறையில் என் தோளைப் பிடித்துக்கொண்டு நீச்சல் படித்தவர் இவ்வளவு தூரம் வந்ததில் எனக்குப் பெருமைதான். ஆனால் முங்குவதற்கு முன் வேகவேகமாக மூச்சை இழுத்து இழுத்து விடுகிறீர்கள் என்றாளே, அதைக் கேட்டதும் வயிறு கலங்கிவிட்டது.

அதை யார் சொல்லிக்கொடுத்திருந்தாலும் தப்பு, மாப்பிள்ளை. அப்படி இழுத்தால் உடம்பில் ஆக்சிஜன் பெரிதாகக் கூடாது. கார்பன் டை ஆக்சைடுதான் வெளியே போய்விடும். மேலே வந்து மூச்சு விடு என்று நம்மை நெருக்குவதே அதுதான். அது குறைந்துவிட்டால் நெருக்கல் பிந்தி வரும். அதற்குள் மூளைக்கு ஆக்சிஜன் போதாமல், ஒரு அறிகுறியும் காட்டாமல் நினைவு தப்பிவிடும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் இப்படிப் போயிருக்கிறார்கள். இடுப்பளவு தண்ணீர் போதும். குளத்தில் காவலுக்கு ஆள் இருந்தாலும், முங்கிப் போகிறவரையும் மயங்கிக் கிடப்பவரையும் கரையிலிருந்து சட்டென்று பிரித்தறிய முடியாது.

பழக வேண்டாம் என்று சொல்லவில்லை. உடம்பைத் தளர்த்தி, சாதாரணமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்து, கடைசியாக ஒன்றை மட்டும் நிறைய இழுங்கள். சுவரை உதைத்துக் கைகளை முன்னால் நீட்டி, தலையைத் தூக்காமல் போங்கள். ஒரு வீச்சு வீசினால் அது ஓயும்வரை சும்மா இருங்கள். வேகத்தை இரட்டித்தால் தண்ணீரின் எதிர்ப்பு நாலு மடங்காகிறது. அவசரப்படுகிறவருக்குத்தான் மூச்சு சீக்கிரம் தீரும். நெஞ்சு முட்டினால் எழுந்துவிடுங்கள், அங்கே வீம்பு வேண்டாம். மறுபடி முங்குவதற்கு முன் நன்றாக ஓய்வெடுங்கள்.

இங்கே கடைசியாக முத்துக்குளித்தது 1961-இல். காலில் கல்லோடு அவ்வளவு ஆழம் இறங்கியவர்கள்கூட, மேலே தோணியில் கயிறு பிடிக்க ஆள் வைத்துக்கொண்டுதான் இறங்கினார்கள். அந்தக் கயிற்றை மைத்துனன் கையில்தான் கொடுப்பார்கள் என்று தாத்தா சொல்வார். கூடப் பிறந்தவளின் தாலி அவன் கையில் இருக்கிறது, கண் அசரமாட்டான் என்ற நம்பிக்கை. நான் உங்களுக்கு அந்த முறைக்காரன்.

வெள்ளிக்கிழமை முத்துநகர் எக்ஸ்பிரஸில் ஏறுகிறேன். ஞாயிறு காலை சேர்ந்தே குளத்துக்குப் போவோம். நீங்கள் முங்குங்கள், நான் உங்கள்மேலேயே கண்ணாக நிற்கிறேன். நான் ஊர் திரும்பிய பிறகு உங்களோடு வர, நீச்சல் தெரிந்த ஒருவரை இப்போதே பார்த்து வையுங்கள். அவர் முங்கும்போது நீங்கள் மேலே நிற்க வேண்டும். நீங்கள் முங்கும்போது அவர்.

தங்கச்சி பயந்து போயிருக்கிறாள். உங்களிடம் சொல்லத் தயங்குகிறாள். இந்தக் கடிதம் கிடைத்ததும், இனித் தனியாக முங்கமாட்டேன் என்று அவளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
மச்சான்