வலியின்றிக் கலிமா சொல்ல



புற்றுநோயின் இறுதிக் கட்டத்தில் இருப்போரை நலம் விசாரிக்கச் செல்கையில், வீட்டார் நம்மைத் தனியே அழைத்துக் கேட்பதுண்டு: "ஹஜ்ரத், மார்ஃபின் கொடுத்தால் அத்தா நினைவிழந்துவிட மாட்டாரா? கலிமா சொல்லாமலே போய்விட்டால்?" இவ்வச்சத்தால் மருந்தை எடுத்து வைத்துவிட்டு, நோயாளி இரவெல்லாம் துடிப்பதைப் பார்த்து அழுத குடும்பங்களை நாம் அறிவோம்.

மார்க்கத் தீர்ப்பு கூறுமுன் மருந்தின் உண்மை நிலையை அறிவது அவசியம். அதைத் தேடிப் படித்தபோது இரு சாராரின் கூட்டுழைப்பு நமக்குத் தெரியவந்தது.

1958-இல் மருத்துவர் சிசிலி சாண்டர்ஸ், லண்டனில் கன்னியாஸ்திரீகள் நடத்திய செயின்ட் ஜோசப் ஹாஸ்பிஸில் பணியைத் தொடங்கினார். செயின்ட் மேரீஸ் மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளராகவே அங்கு சென்றார். வலி முற்றிய பிறகு ஊசி போடுவதே அக்கால வழக்கம். அவரோ, வலி திரும்புமுன்பே குறித்த நேரத்தில் வாய்வழியாக மருந்து தரும் முறையை அங்கே கொண்டுவந்தார். கன்னியர் பராமரித்தனர், அவர் ஒவ்வொரு நோயாளியின் நிலையையும் குறித்து வைத்தார். 1967-இல் அவர் நிறுவிய செயின்ட் கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸில் பராமரிப்பு, கற்பித்தல், ஆராய்ச்சி மூன்றும் ஒன்றாயின. ஹெராயினே மேலானது என்று அங்கு கருதப்பட்டது. ஆய்வாளர் ராபர்ட் ட்வைகிராஸ் இரண்டையும் நோயாளிகளிடம் ஒப்பிட்டு, வாய்வழியாகத் தரும்போது மார்ஃபினும் அதற்கு ஈடானதே என்று 1977-இல் வெளியிட்டார். ஹெராயினைத் தடைசெய்த நாடுகளின் நோயாளிகளுக்கு இது பெரும் ஆறுதலாயிற்று. 1986-இல் உலக சுகாதார நிறுவனமும் வாய்வழி, நேரப்படி என்னும் முறையையே வழிகாட்டுதலாக்கியது. 1993-இல் கோழிக்கோட்டில் தொடங்கிய தணிப்புப் பராமரிப்புப் பணி, இம்முறையைக் கேரள இல்லங்களுக்குக் கொண்டு சென்றது.

ஆகவே, அவ்வீட்டாருக்கு நாம் சொல்வது இதுதான்: மருத்துவர் வலிக்கேற்ப அளவிட்டுத் தரும் மார்ஃபின் ஆயுளைக் குறைப்பதில்லை. தொடக்கத்தில் வரும் மயக்கம் பெரும்பாலும் சில நாட்களில் குறையும். சிகிச்சைத் தேவைக்காக இதனை உட்கொள்வதை மார்க்க அறிஞர்கள் அனுமதிக்கின்றனர். தொழுகை நேரத்தில் தெளிவு வேண்டுமெனில், அதை மருத்துவரிடமே சொல்லுங்கள். அளவையும் நேரத்தையும் அவர் அதற்கேற்ப மாற்றிப் பார்க்கக்கூடும். எப்போது வலித்தது, எப்போது உறங்கினார் என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். அது அவருக்குப் பேருதவியாகும். கடும் வலியும் மனிதரின் கவனத்தைப் பறித்துவிடுகிறது என்பதை மறவாதீர்கள்.

அல்லாஹ் நம் நோயாளிகளின் வேதனையை இலேசாக்கி, இறுதி வார்த்தையாகக் கலிமாவை நஸீபாக்குவானாக! ஆமீன்.