வகுப்பில் சொல்லாத மிச்சம்



பழைய மாணவர் ஒருவர் தன் வயலில் ட்ரோன் மருந்து தெளிக்கும் வீடியோவை நேற்று அனுப்பியிருந்தார். பத்து லிட்டர் டேங்க். வரப்பில் நின்றபடியே ஒரு பையன் இயக்குகிறான். "சார், நீங்க வகுப்புல சொன்ன மருந்து ஏரோப்ளேன் ஞாபகம் வந்துச்சு" என்று எழுதியிருந்தார்.

ஆற்றல் பாடம் நடத்தும்போதெல்லாம் அந்தக் கதையைச் சொல்வேன். அதில் ஒரு பகுதியை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.

1970 வாக்கில் எங்கள் தஞ்சைப் பக்கம் சம்பாப் பயிருக்குச் சிறு விமானங்கள் மருந்து அடிக்கும். விமானி ஒருவர்தான், அவருக்கு முன்னால் பெரிய மருந்துத் தொட்டி. எந்த வரிசையில் வரவேண்டும் என்று காட்ட வயலின் இரு முனையிலும் கொடியோடு ஆட்கள் நிற்பார்கள். பயிரை உரசுவதுபோல் தாழப் பறந்து, முனையில் ஏறித் திரும்பும்.

அன்றைக்கு யாரும் வெளியே வரக்கூடாது, ஆடு மாடு அவிழ்க்கக்கூடாது என்று தமுக்கு அடித்திருந்தார்கள். எனக்குப் பதினோரு வயது. வேடிக்கை பார்க்க ஐந்தாறு பேர் மேய்ச்சல் திடலுக்கு ஓடினோம். சுற்றிலும் சேறு, காய்ந்த இடம் அது ஒன்றுதான்.

விமானம் மேலே ஏறும்போது சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது. பிறகு நின்றே போனது.

இன்ஜின் நின்றால் மூக்கை மேலே தூக்கத்தான் கை போகும். தூக்கினால் வேகம் குறையும், இறக்கை தாங்காது, கல் மாதிரி விழும். மூக்கைத் தாழ்த்தி, இருக்கிற உயரத்தைக் கொடுத்து வேகத்தை வாங்க வேண்டும். மருந்து விமானத்துக்குக் கொடுக்க உயரமே இருக்காது. அந்த விமானி தொட்டியைத் திறந்து மருந்தை மொத்தமாகக் கொட்டிப் பாரத்தைக் குறைத்தார். பிறகு நடவு வயலில் இறக்கினார். சக்கரம் சேற்றில் புதைந்து விமானம் குப்புறக் கவிழ்ந்தது. பெல்ட்டில் தலைகீழாகத் தொங்கியவரைக் கொடிக்காரர்கள் வெளியே இழுத்தார்கள். தோள்பட்டை முறிவு. உயிருக்கு ஆபத்தில்லை.

வகுப்பில் இத்தோடு நிறுத்திவிடுவேன். ஒரு வருஷம் ஒரு மாணவி எழுந்து, "காய்ஞ்ச இடத்துல ஏன் சார் இறக்கல?" என்று கேட்டாள். "அவர் கவனிச்சிருக்க மாட்டாரும்மா" என்று சொல்லிவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பிவிட்டேன்.

அவர் கவனித்திருந்தார். விமானம் திடலை நோக்கித்தான் நேராக வந்தது. நாங்கள் நின்றிருந்தோம். ஓடக் கால் வரவில்லை. கடைசி நொடியில் இடப்பக்கம் சாய்ந்து சேற்றுக்குப் போனது.

மருந்து கொட்டியது எங்கள் வயலில். ஒரு மா அளவுக்குக் கதிர் கருகிவிட்டது. நஷ்டஈடு கேட்கச் சொல்லி ஊரே அப்பாவிடம் சொன்னது. "எம்புள்ள நிக்கிறான்ல, போதும்" என்றார். நான் திடலில் நின்றதை அவரிடம் யார் சொன்னார்கள் என்று இன்றுவரை தெரியாது. என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, அடிக்கவும் இல்லை. அடித்திருந்தால் அன்றோடு மறந்திருப்பேன்.

அந்த விமானியின் பெயர்கூடத் தெரியாது. முப்பது வருஷம் அவர் திறமையைச் சொல்லிப் பாடம் நடத்தினேன். யாருக்காக அவர் சேற்றில் இறங்கினார் என்பதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

அன்று கேள்வி கேட்ட மாணவி இதைப் படித்தால்: உன் கேள்வி சரியானது அம்மா. என் பதில்தான் தப்பு.

அன்புடன்,
உங்கள் சயின்ஸ் சார்