மூன்றாவது முயல்

ஆய்வேட்டையும் கலையையும் ஒருங்கே கொண்டுசெல்ல விழையும் பட்டப்பின் மாணவருக்கு முன்மாதிரியாகக் காட்டப்படுவோருள் அலெக்சாண்டர் பொரொடினும் ஒருவர். தொழிலால் இரசாயனவியற் பேராசிரியர். எஞ்சிய பொழுதில் ருஷ்ய இசையின் தலைசிறந்த படைப்பாளருள் ஒருவர். விஞ்ஞானமும் கலையும் அவரிடத்தே இனிது இயைந்தன என்று கூறி அமைந்துவிடுவது வழக்கம். அவருடைய நாள்கள் கழிந்தவாற்றைச் சற்று நெருங்கி நோக்குவோர்க்கு அவ்வியைபு அத்துணை எளிதாகப் புலப்படுவதில்லை.

1833ஆம் ஆண்டு சென்ற் பீற்றர்ஸ்பேர்க் நகரிலே ஜோர்ஜிய வம்சத்துப் பிரபு ஒருவருக்கு மணவுறவுக்குப் புறம்பே பிறந்த பொரொடின், அப்பிரபுவின் பண்ணையடிமை ஒருவரின் மகனென்றே பதிவு செய்யப்பட்டார். 1850இல் அந்நகரத்து மருத்துவ, சத்திரசிகிச்சைக் கல்லூரியிற் சேர்ந்தார். அங்கே அவருக்கு வாய்த்த ஆசான், நைத்திரோபென்சீனிலிருந்து அனிலீனைப் பெறும் வழியை 1842இற் கண்ட நிக்கொலாய் சினின். தமக்குப் பின் தம் ஆசனத்தில் அமர வேண்டியவர் இம்மாணவரே எனச் சினின் கருதியிருந்தார். ஆதலின், பாட்டெழுதுவதைக் குறைத்துக்கொள்ளுமாறும், இரு முயல்களை ஒருசேரத் துரத்துவது தவறென்றும் ஏனைய மாணவர் முன்னிலையிலேயே அவரைக் கண்டித்தார். ஆற்றிலொரு கால் சேற்றிலொரு கால் என்பர் நம்மவர். மேற்பார்வையாளர் வாயிலிருந்து இத்தகைய சொல்லைக் கேளாத ஆய்வு மாணவர் இன்றும் அரியரே.

1858இல், ஆசனிக்கமிலமும் பொசுபரிக்கமிலமும் இரசாயன இயல்பிலும் நச்சியல்பிலும் ஒத்திருக்குமாற்றை ஆராய்ந்த ஆய்வேட்டுக்காகப் பொரொடின் மருத்துவக் கலாநிதியானார். அடுத்த ஆண்டு மேற்பயிற்சியின் பொருட்டு ஜேர்மனியின் ஹைடல்பேர்க் நகருக்கு அனுப்பப்பட்டார். சினினின் கணக்கில் இடம்பெறாத மூன்றாவது முயல் எதிர்ப்பட்டது அங்கேதான். எக்கத்தரீனா புரோத்தபோபவா என்னும் பியானோக் கலைஞர் 1861இல் நோய் தீர்க்கும் பொருட்டு அந்நகருக்கு வந்தார். சொப்பின், சூமன் ஆகியோரின் இசையைப் பொரொடின் நன்குணரச் செய்தவர் இவரே. அவ்வாண்டின் இலையுதிர் காலத்தில் அவருடைய நுரையீரல் நோய் முற்றியது. குளிர் குறைந்த இத்தாலிக்குச் செல்ல நேர்ந்தது. பொரொடினும் உடன்சென்றார். ஆய்வு அத்தோடு தடைப்பட்டிருக்க வேண்டும். ஆனால் பீசா நகரத்து இரசாயனவியலாளர் தம் ஆய்வுகூடத்தை அவருக்குத் திறந்துவிட்டனர். பென்சொயில் புளோரைட்டை முதன்முதலில் ஆக்கும் பேறு அவருக்கு அங்கு கிட்டியது. காதலின் பொருட்டு ஊர் மாறிய இடத்தே ஆய்வும் கைகூடியது. இளமையில் மட்டுமே வாய்க்கும் நற்பேறு போலும்.

1863இல் இருவரும் மணம் புரிந்தனர். 1864இற் பொரொடின் பேராசிரியரானார். வீடும் ஆய்வுகூடமும் ஒரே கட்டடத்தில் அமைந்திருந்தன. அவ்வீட்டைப் பற்றி நண்பர் றிம்ஸ்கி கோர்சகோவ் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருப்பவை நகைப்பையும் இரக்கத்தையும் ஒருங்கே விளைப்பன. பேசிக்கொண்டிருக்கையிலேயே பொரொடின் எழுந்து, ஏதேனும் எரிந்துவிட்டதோ, கொதித்து வற்றிவிட்டதோ எனப் பார்க்க ஆய்வுகூடத்துக்கு ஓடுவார். ஓடும்போதே வாயில் ஏதோ ஓர் இசைத்தொடர் ஒலிக்கும். உறவினரும் பிறரும் வந்து தங்குவர், நோயுற்றுக் கிடப்பர், கட்டிலிலும் தரையிலும் துயில்வர். அடுத்த அறையில் ஒருவர் உறங்குகிறார் என்பதற்காகப் பியானோ திறக்கப்படாத நாள்கள் பல. பூனைகள் உணவு மேசைமீது நடமாடும். ஈளை நோயால் இரவெல்லாம் விழித்திருந்த எக்கத்தரீனாவுக்குத் துணையாகத் தாமும் விழித்திருந்த பேராசிரியர் காலையில் விரிவுரைக்குச் செல்வார். தலைநகரின் தட்பவெப்பம் ஒவ்வாமையால் மனைவி நெடுங்காலம் மொஸ்கோவிலே தங்க, வாழ்க்கை கடிதங்களில் நடைபெற்றது.

இவற்றினிடையே இசைக்கு எஞ்சியது யாது? முதலாவது சிம்பொனிக்கு 1862 முதல் 1867 வரை ஐந்து ஆண்டுகள் சென்றன. குளிர்காலத்தில் விரிவுரைக்குச் செல்ல இயலாதவாறு நோயுற்றிருந்தால் மட்டுமே இசையமைக்க முடிகிறது, ஆதலால் நண்பர்கள் தமக்கு நலத்தை வேண்டாது நோயையே வேண்டுகின்றனர் என்னும் கருத்துப்பட அவர் 1876இற் கடிதமொன்றில் எழுதினார். வேடிக்கையாக எழுதியதுதான், படிப்போர்க்கு அவ்வளவு வேடிக்கையாகத் தோன்றாது. 1879இல் 'இளவரசர் ஈகோர்' இசைநாடகத்தின் நடனப் பகுதி அரங்கேறவிருந்தது. நாள் நெருங்கியும் வாத்தியங்களுக்கான எழுத்துப்படி முடியவில்லை. றிம்ஸ்கி கோர்சகோவும் லியாடோவும் அவருடன் அமர்ந்து இரவிரவாகப் பென்சிலால் எழுதினர். எழுத்து அழியாதிருக்கத் தாள்களுக்குத் திரவ ஜெலற்றினைப் பூசி, ஆய்வுகூடத்திலே துவைத்த துணிகளைப் போலக் கயிற்றிற் காயவிட்டார் பொரொடின். இரசாயனம் இசைக்கு நேரே கைகொடுத்த அருங்காட்சி அது.

பொரொடினின் இசையை விழுங்கியது இரசாயனம் என்று சினினின் வழிநின்று கூறுவோர் உளர். அது முழுதும் பொருந்துவதாகத் தோன்றவில்லை. அவருடைய பொழுதைப் பெரிதும் கொண்டுபோனவர்கள் மனிதர்கள். உதவி நாடி வந்த மாணவர், நோயுற்ற உறவினர், வளர்ப்புப் பெண்கள், முடிவற்ற குழுக் கூட்டங்கள் எல்லாம் அவர் வாயிலில் நின்றன. மறுத்துரைக்க அவர் அறிந்திலர். 1872இல் ருஷ்யாவிற் பெண்களுக்கான மருத்துவக் கற்கைநெறி தொடங்கியபோது அதன் முன்னின்றோருள் ஒருவரானார். அதனை மூடிவிட அரசு முனைந்தபோது காக்கப் போராடினார். அவ்விடத்தில் அவர் செலவிட்ட மாலைகளை இசைநாடகத்துக்குத் தந்திருக்கலாமென வருந்தும் இசைவரலாற்றாசிரியர், அங்கு பயின்று வெளிவந்த பெண் மருத்துவரிடம் அதனைக் கூறத் துணிவரோ? 

எக்கத்தரீனாவின் பக்கம் இருந்தும் இதனை நோக்கவேண்டும். பொரொடினின் கலைக்குக் குடும்பம் இடையூறாயிற்று என்று எழுதுவோர், ஹைடல்பேர்க்கிற் கேட்டோரை மயக்கிய அப்பியானோ பின்னர் என்னவாயிற்று என வினவுவதில்லை. கணவரின் நிறைவேறாத படைப்புகளுக்குப் பட்டியலுண்டு; மனைவியின் வாசியாத இசைக்குக் கணக்கில்லை. ஆயினும் இன்று பொரொடினின் இசையுள் மக்கள் மிக விரும்பிக் கேட்கும் இரண்டாவது நால்வாத்திய இசையை அவர் 1881ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில், வழக்கத்துக்கு மாறாக விரைந்து எழுதி முடித்தார். அது எக்கத்தரீனாவுக்கே உரித்தாக்கப்பட்டது. அவர்கள் சந்தித்து அப்போது இருபது ஆண்டுகள்.

1887 பெப்ரவரியிற் கல்லூரியில் நிகழ்ந்த களியாட்ட விழாவொன்றில், ருஷ்யத் தேசிய உடையணிந்து ஆடியும் உரையாடியும் நின்ற பொரொடின் சடுதியாக வீழ்ந்து உயிர்நீத்தார். வயது 53. எக்கத்தரீனா அப்போது மொஸ்கோவில் இருந்தார். அவ்வாண்டிலேயே அவரும் காலமானார். பதினெட்டு ஆண்டுகளாக எழுதப்பட்டுவந்த 'இளவரசர் ஈகோர்' முற்றுப்பெறாமற் கிடந்தது. றிம்ஸ்கி கோர்சகோவும் இளைஞர் கிளாசுனோவும் அதனை நிறைவுசெய்ய, 1890இல் அரங்கேறியது. அதன் முன்னிசையைப் பொரொடின் தாளில் முழுமையாக எழுதியிருக்கவில்லை. நண்பர் கூடிய மாலைகளில் பியானோவில் வாசித்துக் காட்டியிருந்தார். கேட்டிருந்த கிளாசுனோவ் நினைவிலிருந்து அதனை எழுதினார் என்பர்.