பின்பக்கம் பார்த்தீர்களா?

ஆபீஸ் வேலையாக டப்ளினுக்குப் புறப்பட்டபோது மனைவி ஒரே ஒரு கண்டிஷன்தான் போட்டாள்.

"சாக்லேட், சென்ட்டுன்னு வாங்கிட்டு வந்து ஏமாத்தாதீங்க. அந்த ஊர் வேலைப்பாட்டுல ஏதாவது ஒரு நகை வேணும்."

நாலு நாள் மீட்டிங். ஐந்தாம் நாள் காலை கிராஃப்டன் தெரு நகைக்கடை ஒன்றில் நுழைந்தேன். எங்கு பார்த்தாலும் முடிச்சு! ஒரே கம்பி வளைந்து, நெளிந்து, தன் மேலேயே ஏறி இறங்கி, ஆரம்பம் எது, முடிவு எது என்றே தெரியவில்லை. கெல்டிக் முடிச்சாம். மார்கழியில் அம்மா போடும் சிக்குக் கோலத்துக்கு ஐரோப்பாவில் ஒரு பெரியப்பா பிள்ளை இருப்பது அன்றுதான் தெரிந்தது!

முடிச்சுக்கு நடுவே தேன் நிறத்தில் ஆம்பர். பார்க்கத்தான் கல். உண்மையில், மரத்தில் வடிந்த பிசின் கோடிக்கணக்கான வருஷம் மண்ணில் கிடந்து இறுகியது. பால்டிக் கடலோரம் நிறையக் கிடைக்கும். துணியில் தேய்த்தால் காகிதத் துணுக்கை இழுக்கும். கிரேக்கர்கள் இதை 'எலெக்ட்ரான்' என்றார்கள். எலெக்ட்ரிசிட்டி என்ற பெயரே அதிலிருந்து வந்ததுதான். நம்ம கரண்ட் பில்லுக்குத் தாத்தா இந்தப் பிசின்!

"தங்கம் எத்தனை கேரட்?" என்றேன்.

"ஒன்பது."

அதாவது 100க்கு 37.5 பங்குதான் தங்கம். 22 கேரட்டிலேயே வளர்ந்த என் அம்மா, "டேய், இது தங்கமா, தங்கத்தோட தங்கச்சியா?" என்பாள். தயங்கினேன்.

கடைக்காரப் பெண்மணி சிரித்தார். "முதலில் அசலைப் பார்த்துவிட்டு வாருங்கள். கில்டேர் தெரு மியூசியம், நடக்கிற தூரம்தான். டிக்கெட் கிடையாது."

ஓசி என்றால் கால் தானாக நடக்கும் ரகமாச்சே நாம்!

அங்கே கண்ணாடிக்குள் இருந்தது 'தாரா புரூச்'. கி.பி. 700 வாக்கில் செய்தது. போர்வை நழுவாமல் குத்திக்கொள்ளும் ஊசி. நம் வீட்டுப் பெண்கள் புடவைக்குக் குத்தும் பின்னுக்குக் கொள்ளுப்பாட்டி. ஊசி 32 செ.மீ. வளையத்தின் குறுக்களவு 9 செ.மீ.கூட இல்லை. வெள்ளியில் வார்த்து, தங்க முலாம் பூசி, முடி மாதிரி மெல்லிய தங்கக் கம்பிகளை முறுக்கிப் பற்றவைத்து, பாம்பும் விலங்குமாகப் பின்னியிருக்கிறார்கள். இடையிடையே ஆம்பர், கண்ணாடி.

பெயரில்தான் ஒரு வில்லங்கம். 1850-ல் இது கிடைத்தது பெட்டிஸ்டவுன் கடற்கரைப் பக்கம். பழைய அரசர்களின் தாரா குன்றுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. வாங்கிய நகை வியாபாரி ஜார்ஜ் வாட்டர்ஹவுஸ், நகல் செய்து விற்க வசதியாக அந்தப் பெயரைச் சூட்டிவிட்டார். திருநெல்வேலி பக்கமே போகாத அல்வாவுக்கு நம்மூரில் போர்டு மாட்டுகிறார்களே, அதே வித்தை! 1851-ல் லண்டன் பொருட்காட்சிக்கும் போய்வந்தது.

பிறகு மியூசியக் கடையில் ஒரு புத்தகத்தைப் புரட்டினேன். புரூச்சின் பின்பக்கப் படம். அங்கேயும் சுருள் சுருளாக அத்தனை வேலைப்பாடு! குத்திக்கொண்டால் துணியோடு ஒட்டிக்கொள்ளும் பக்கம் சார் அது. யார் பார்க்கப் போகிறார்கள்? செய்தவர் தன் பெயரைக்கூட விட்டுவைக்கவில்லை. பெயர் போட்டதெல்லாம் விற்றவர்தான்.

எனக்குச் சுரீரென்றது. முந்தின நாள் மீட்டிங்கில் நான் கொடுத்த ரிப்போர்ட் ஞாபகம் வந்தது. முன்னால் 2 பக்கம் கலர் கலராகப் படம். பின்னால் 14 பக்கம் போன வருஷத்துக் காப்பி. மேனேஜர் புரட்டமாட்டார் என்கிற தைரியம்!

மறுபடி கடைக்குப் போனேன். ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். பலதும் மொழுக்கென்று இருந்தது. கடைசியில் ஒரு குட்டிப் பதக்கம், கையால் செய்தது. முன்னால் ஆம்பர், பின்னால் சின்னதாக ஒரு முடிச்சு செதுக்கியிருந்தது. கேரட் கேட்காமல் வாங்கினேன்.

வீட்டில் மனைவி அதைத் திருப்பினாள். "ஏங்க, யாரும் பார்க்காத பக்கத்துல எதுக்கு டிசைன்? வேஸ்ட்!"

"நீ பார்த்துட்டியே!" என்றேன்.

திங்கட்கிழமை ஆபீசுக்குப் போனதும் அந்த 14 பக்கத்தையும் புதிதாக எழுதிக் கொடுத்தேன். மேனேஜர் இன்னும் புரட்டவில்லை. பரவாயில்லை.